கேள்விகளின் வெள்ளோட்டம்

கேள்வித்தாள் தயாராகிவிட்டது என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் நான் முதலில் கேள்விகளைப் படிப்பதில்லை. தாளின் ஓரங்களைப் பார்ப்பேன். ஓரம் வெள்ளையாக இருந்தால் அந்தத் தாள் இன்னும் எந்த வீட்டுத் திண்ணைக்கும் போகவில்லை என்று அர்த்தம். "இங்கே சிரிக்கிறார்கள்", "மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது", "மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்" என்று பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

1990களின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் இந்த வேலைக்குள் வந்தேன். அலுவலகத்தில் எங்களுக்கு இன்வெஸ்டிகேட்டர் என்று பெயர், ஊர்களில் "கணக்கெடுக்க வந்த பொண்ணு". பிறகு சூப்பர்வைசர் ஆனேன். அதன்பின் கேள்விகளைத் தமிழில் எழுதித் தருவதும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பிழைப்பாயிற்று. உடல்நலம், கடன், கூலி, ரேஷன், குடிநீர், பள்ளிக்கூடம் என்று கேட்காத விஷயம் கிடையாது. இதில் நான் விரும்பிச் செய்வது உண்மையான கணக்கெடுப்புக்கு முன்னால் வரும் முன்னோட்டத்தைத்தான். ஆய்வாளர்கள் பைலட் ஸ்டடி என்பார்கள்.

புத்தகங்கள் இதை இரண்டாகப் பிரிக்கும். கேள்விகளை மட்டும் சிலரிடம் கேட்டுப் பார்ப்பது முன்சோதனை. வீடு தேர்ந்தெடுப்பது, பயிற்சி, பயணம், பதிவு, கணினியில் ஏற்றுவது என்று முழு ஆய்வையும் சிறிய அளவில் நடத்திப் பார்ப்பது முன்னோட்ட ஆய்வு. களத்தில் இரண்டும் கலந்துதான் நடக்கும், பெயரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. உற்சவர் ஏறுமுன் புதுத் தேரை வெள்ளோட்டம் விடுகிறார்களே, அது மாதிரி. அன்றைக்குக் கிடைக்கும் பதில்கள் கணக்கில் சேராது. வீட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதல்ல அன்றைய வேலை. நாம் கேட்டது அவர் காதில் என்னவாக விழுந்தது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும்.

நோயை எடுத்துக்கொள்ளுங்கள். "உங்கள் வீட்டில் யாருக்காவது நாள்பட்ட நோய் உள்ளதா?" இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது என்று எழுதுகிறவருக்குத் தோன்றும். கேட்டால் வரும் பதில் இது: "நோய் நொடில்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. சுகர் இருக்கு, பிரசர் இருக்கு, அம்புட்டுதான்." எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை ஆளைப் படுக்கையில் தள்ளுவதுதான் நோய். காலையில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு களையெடுக்கப் போய் வருகிறவளுக்கு அது நோய்க் கணக்கில் வராது. தாளிலோ "இல்லை" என்ற கட்டத்தில் டிக் விழும், அதற்கடுத்த ஒரு பக்கக் கேள்விகளை அப்படியே தாண்டிப் போய்விடுவோம், கடைசியில் அந்த வட்டாரத்தில் சர்க்கரை நோய் குறைவு என்று ஓர் அட்டவணை அச்சாகும்.

முன்னோட்டத்துக்குப் பிறகு கேள்வி இப்படி மாறியது: "வீட்ல யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுறாங்களா? அந்த அட்டையைக் கொஞ்சம் காட்டுங்களேன்." அட்டையைப் பார்த்தால் எதற்கான மாத்திரை என்று தெரிந்துவிடும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, "வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்காங்களே, அது யாருக்கு?" என்று ஆரம்பிப்பது இன்னும் சுலபமாக இருந்தது. ஆனால் அப்படி மட்டும் ஆரம்பித்தால் மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் விட்டுப்போகிறார்கள். அதுவும் முன்னோட்டத்தில்தான் தெரிந்தது. மாத்திரை வாங்கியும் சாப்பிடாமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் தனி ரகம். அவர்களுக்கு இன்னொரு கேள்வி வேண்டியிருந்தது.

வேலை பற்றிக் கேட்பது இதைவிடக் கஷ்டம். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால், "இல்லம்மா, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்பார்கள். சொல்லும்போதே மடியில் தட்டு இருக்கும், கை இலை வெட்டிக்கொண்டிருக்கும். சரி, பீடி சுற்றுகிறீர்களா என்று நேராகவே கேட்டுவிடலாம் என்று மாற்றினோம். அடுத்த சிக்கல் வந்தது. பாஸ்புக் அம்மா பெயரில் இருக்கும். சுற்றுவது அம்மாவும் மூத்த மகளும், சில நாள் மருமகளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலி அந்த ஒரே புத்தகத்தில் ஏறும். ஆளுக்கு எவ்வளவு சம்பாத்தியம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அப்படி ஒரு கணக்கே அந்த வீட்டில் இல்லை. இல்லாத கணக்கை நாம் விடாமல் கேட்டால், வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். அந்த எண்தான் பிறகு இரண்டு தசம இடத்தோடு அறிக்கையில் வரும். நாங்கள் கடைசியில் வீட்டுக்கு ஒரு மொத்தக் கணக்கும், யார் யார் எந்த நேரத்தில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள் என்று தனிக் கேள்வியும் வைத்துத் தப்பித்தோம்.

தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்பு அட்டவணையைக் கையாண்டவர்களுக்கு 92, 93 என்ற குறியீடுகள் தெரிந்திருக்கும். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. அதோடு விறகு பொறுக்குவது, கீரை பறிப்பது, மாட்டுக்குத் தீனி சேகரிப்பது, வீட்டுக்குத் தேவையானதைத் தைப்பது என்று செய்பவருக்கு 93. பயிற்சியில் இதை ஒப்பித்துவிடலாம். திண்ணையில் ஒரு பெண் 92இலிருந்து 93க்கு நகர்வது, "காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்று கேட்கும்போதுதான்.

அந்த வழியை நம் நாடு பெரிய அளவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது. 1998 ஜூலையிலிருந்து 1999 ஜூன் வரை அரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒரிசா, மேகாலயா, தமிழ்நாடு ஆகிய 6 மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. 18,000க்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த அதன் பெயர் முன்னோட்ட ஆய்வுதான். முந்தின 24 மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வழக்கமான நாளோடு, வாரத்தில் மாறிவரும் நாளையும் விசேஷ நாளையும் தனியாகக் கேட்டார்கள். நாடு முழுமைக்குமான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல்தான் வந்தது. இடையில் இருபது ஆண்டு போய்விட்டது என்பது வேறு விஷயம். ஒரு முன்னோட்டத்தை அவ்வளவு பெரிதாகவும் பொறுமையாகவும் செய்தார்கள் என்பதற்காகவே நான் அதைப் பயிற்சி வகுப்பில் சொல்வேன்.

வருமானத்துக்கு வருவோம். "உங்கள் குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு?" என்று இன்னும் எத்தனை கேள்வித்தாள்களில் வருகிறது! மாதச் சம்பளக்காரர் எழுதிய கேள்வி அது. கிராமத்து வீட்டில் பணம் மாதத்தைப் பார்த்து வருவதில்லை. நாத்து நடவுக்கு நாலு நாள் கூலி, நூறு நாள் வேலைப் பணம் எப்போதோ ஒரு நாள் வங்கிக் கணக்கில், பால் பணம் தனியாக, திருப்பூரில் இருக்கும் மகன் அனுப்புவது நினைத்தபோது, 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். மொத்தமாகக் கேட்டால் கூலியை மட்டும் சொல்வார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் மொத்தம் பெருகும். அதோடு இன்னொன்றும் உண்டு: கணக்கெடுக்க வருகிறவர் ரேஷன் கார்டை மாற்றிவிடுவார் என்ற பயம். அந்தப் பயம் இருக்கும் வீட்டில் கேள்வியை எப்படி எழுதினாலும் பதில் ஒன்றுதான். அதற்கு மருந்து கேள்வியை மாற்றுவது ஆகாது, அறிமுகப் பேச்சை மாற்ற வேண்டும். "அரசாங்கத்துக்காக வந்திருக்கிறோம்" என்று தொடங்கும் வாக்கியத்தை முன்னோட்டத்தில் எடுத்துவிட்டு, கல்லூரி ஆய்வு என்ற உண்மையை முதலில் சொன்னபோது பேச்சே வேறு மாதிரி இருந்தது.

குடும்பம் என்றால் என்ன என்பதிலேயே முட்டிக்கொள்வோம். ஒரே இடத்தில் வசித்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பதுதான் சென்சஸிலும் மாதிரி ஆய்விலும் விளக்கம். நல்ல விளக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு அடுப்பு, தம்பிக்கு ஒரு அடுப்பு, ரேஷன் அரிசி மட்டும் ஒரே கார்டில் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வார்கள். அம்மா இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் அங்கே என்று முறை வைத்துச் சாப்பிடுவாள். நாம் போகிற நாளில் அம்மா எந்த வீட்டுக் கணக்கு? இரண்டு மகன்களும் அவளைத் தங்கள் பட்டியலில் சொன்ன ஊரும் உண்டு, இரண்டு பேருமே சொல்லாத ஊரும் உண்டு. பெரிய ஆய்வில் இப்படி விட்டுப்போகிறவர்களில் வயதான பெண்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம். "நேத்து ராத்திரி இங்கே சாப்பிட்டவங்க யார் யார்?" என்று ஒரு துணைக் கேள்வி போட்டால் அம்மா வெளியே வருவாள்.

வயதுக் கேள்விக்கு ஐம்பது, அறுபது, எழுபத்தைந்து என்றுதான் பதில் வரும். 0, 5இல் முடியும் எண்களில் கூட்டம் சேர்வதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. 23 முதல் 62 வயதுக்காரர்களை எடுத்துக்கொண்டு பார்ப்பார்கள். பதிவு சரியாக இருந்தால் 100, எல்லோரும் 0, 5இல் முடியும் வயதையே சொல்லியிருந்தால் 500. ஆதார் வந்துவிட்டதே என்பார்கள். ஆதாரில் வயதானவர்கள் பலருக்கு ஜனவரி 1தான் பிறந்த நாள். ஆகவே முன்னோட்டத்துக்குப் போகும்போதே சம்பவப் பட்டியல் ஒன்று தயாரிப்போம். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல், எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர், 2004 சுனாமி என்று எல்லோருக்கும் தெரிந்தவை சில இருக்கும். உண்மையில் கைகொடுப்பவை அந்தந்த ஊருக்கே உரியவை: குளம் உடைந்த வருஷம், தெருவுக்குக் கரண்டு வந்த வருஷம், தகராறில் கோயில் கொடை நின்றுபோன வருஷம். இவற்றை எந்த அலுவலகத்திலும் வாங்க முடியாது. டீக்கடையில் பெரியவர்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்தால் அரைமணியில் பட்டியல் கையில் வரும், கொடை நின்ற கதைக்கு மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும்.

அடுத்து அளவுகோல் கேள்விகள். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த வழி, இன்று ஆய்வு மாணவர்களின் நித்திய உணவு: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், கருத்தில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன். கல்லூரி மாணவர்கள் தாங்களே படித்து டிக் அடிப்பதற்கு இது சரிப்படும். வாய்விட்டுப் படித்துக்காட்டினால், கேட்பவருக்கு ஐந்தும் ஒரே நீளமான வாக்கியமாகப் போய்ச் சேரும். கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்வார், அல்லது தலையாட்டுவார். அதிலும் "ஆசிரியர்கள் ஒழுங்காக வருவதில்லை, ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று எதிர்மறையில் கேட்டு "இல்லம்மா" என்று பதில் வந்தால், எதற்கு இல்லை என்று எழுதுவது? எங்கள் முன்னோட்டங்களில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் ஒன்றுகூடத் தேறியதில்லை. கேள்வியை இரண்டு படியாக உடைப்பதுதான் வழி. முதலில் வருகிறார்களா இல்லையா. பிறகு, எப்போதுமா, சில நாளா. எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்கும் இடங்களில் பத்துப் புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, "மழை வரும்னு எத்தனை கொட்டை வைப்பீங்க?" என்று கேட்போம். வளரும் நாடுகளில் பொருளாதார ஆய்வாளர்கள் பயறு, கல் என்று வைத்துச் செய்யும் முறை இது. பாட்டிமார் பல்லாங்குழி பழகியவர்கள், நம்மைவிட நன்றாகவே வைப்பார்கள்.

பதில் சொல்வதற்குள் மனதில் நடப்பதை நான்கு படிகளாக ரோஜர் டூராஞ்சோ 1984இல் பிரித்துக் காட்டினார். கேள்வி புரிய வேண்டும், நினைவிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்ததைக் கணித்துப் பார்க்க வேண்டும், பிறகு வெளியே சொல்ல வேண்டும். தடுக்கி விழுவது எந்தப் படியில் என்று கண்டுபிடிக்க, பதில் சொல்பவரைச் சத்தமாக யோசிக்கச் சொல்லும் நேர்காணல் முறை ஒன்று அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தது. கார்டன் வில்லிஸ் 2005இல் அதற்கென்றே ஒரு நல்ல புத்தகம் எழுதியிருக்கிறார். நானும் முயன்று பார்த்தேன். "மனசுக்குள்ள நினைக்கிறத அப்படியே வெளிய சொல்லுங்க" என்றால், ஆள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அதற்குப் பதிலாக நாங்கள் கடைப்பிடிப்பது இது: பக்கத்து வீட்டு அக்கா வந்ததும், "நான் இப்ப என்ன கேட்டேன்னு அவங்களுக்குச் சொல்லுங்க" என்போம். அந்த மறுசொல்லில் எல்லாம் வந்துவிடும். எங்கள் கேள்வியைவிட நல்ல கேள்வியாகச் சில சமயம் அது இருக்கும், அதையே எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டு அக்கா இருக்கக் கூடாத கேள்விகளும் உண்டு. கணவர் குடிப்பது, அடிப்பது, வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய கடன். தேசியக் குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறைக் கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே மாட்டார்கள். அந்தத் தனிமை எந்த நேரத்தில், எந்த இடத்தில் கிடைக்கும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பும் நேரமா, துணி துவைக்கும் இடமா, தொழுவமா என்று அந்த ஊரில் நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீதி விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். முன்னோட்ட ஊர், முக்கிய ஆய்வில் வரும் ஊராக இருக்கக் கூடாது, ஆனால் அது மாதிரியான ஊராக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். முக்கால் மணியைத் தாண்டினால் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடும், பதிலும்தான். வெயிலில் டேப்லெட் திரை தெரிகிறதா, "இல்லை" என்றால் சரியான கேள்விக்குத் தாவுகிறதா, ஆண்களிடம் பிரசவம் பற்றிக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். (கேட்டிருக்கிறது.) பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் யூனிகோடுக்கு மாறும்போது என்ன ஆகிறது என்பதை ஊருக்குக் கிளம்புமுன் சரிபார்ப்பது ஆயுளைக் கூட்டும்.

கேள்வியோடு கேட்கிற ஆளையும் சேர்த்துத்தான் முன்னோட்டம் சோதிக்கிறது. 1915இன் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊரையே ஆராய்ந்துவரச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், எங்கள் பக்கத்துக் கங்கைகொண்டான் எல்லாம் 1918இல் புத்தகமாக வந்தது அப்படித்தான். அந்த ஊர்களுக்கு 1930களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். அந்த மாணவர்களுக்கு இருந்த வசதி எங்களுக்கு இல்லை. பட்டியலில் கேள்வி கோணலாக இருந்தாலும் யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்குக் கேட்கப் போகிறவர் வேறு மாவட்டத்துக்காரர், கையில் டேப்லெட், மாலைக்குள் இத்தனை வீடு முடிக்க வேண்டும். கோணலான கேள்வி அவர் கையில் கோணலாகவே போய்ச் சேரும்.

முன்னோட்டம் செய்தும் கெட்டுப்போகலாம் என்பதற்கு இந்தியாவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பாடம் சொல்லும். வீட்டுச் செலவைக் கேட்கும்போது எத்தனை நாள் செலவைக் கேட்பது என்ற கேள்வி, தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கிவைத்த மகலனோபிஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. அப்போது வாரம், மாதம் இரண்டையும் சோதித்துப் பார்த்து 30 நாளை வைத்துக்கொண்டார்கள். 1994க்கும் 1998க்கும் இடையில், 51ஆம் சுற்றிலிருந்து 54ஆம் சுற்று வரை, மறுபடி சோதித்தார்கள். வீடுகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பழைய 30 நாள் தாள், மறு பாதிக்குப் புதுத் தாள். புதுத் தாளில் சாப்பாட்டுச் செலவுக்கு 7 நாள், துணிமணி, படிப்பு போன்ற எப்போதாவது வரும் செலவுக்கு 365 நாள். 7 நாளில் கேட்டபோது சாப்பாட்டுச் செலவு கூடுதலாக வந்தது, அதனால் ஏழைகளின் எண்ணிக்கை குறைந்து தெரிந்தது. இதுவரை செய்ததெல்லாம் அருமையான முன்னோட்டம்.

1999-2000இல் 55ஆம் சுற்று. பெரிய சுற்று, வறுமைக் கணக்கு இதிலிருந்துதான் வரப்போகிறது. வாரமா மாதமா என்ற வழக்கைத் தீர்க்காமல், ஒரே வீட்டில், ஒரே தாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் 7 நாள் செலவையும் 30 நாள் செலவையும் கேட்டுவிட்டார்கள். மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாரத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்று இப்போதுதானே சொன்னோம் என்று மாதத்துக்கு நாலு என்பார்கள். இரண்டு பதிலும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொண்டன. 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26.1 என்று இறங்கியது. உண்மையில் இறங்கியது எவ்வளவு, கட்டத்தால் இறங்கியது எவ்வளவு என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். பின்னால் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் உட்படப் பலர் அந்த எண்களைச் சரிசெய்து பார்க்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இரண்டு தாளையும் தனித்தனியாகச் சோதித்தவர்கள், இரண்டையும் சேர்த்து ஒட்டிய தாளை எந்த வீட்டிலும் அதே கவனத்தோடு சோதித்துப் பார்க்காமல் நாடு முழுக்க அனுப்பினார்கள் என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. முன்னோட்டத்துக்குப் பிறகு ஒரு கேள்வியின் இடத்தை மாற்றினாலும் அது புதுத் தாள். மறுபடி ஊருக்குப் போக வேண்டும்.

இது ஆய்வு மாணவர்களிடம் எடுபடுவதில்லை. அவர்களிடம் முன்னோட்டம் என்றால் என்னவென்று கேட்டால், 30 பேர், குரோன்பாக் ஆல்பா 0.7க்கு மேல் என்று பதில் வரும். லீ குரோன்பாக் 1951இல் எழுதிய கட்டுரை ஒரு சில கேள்விகள் ஒரே பொருளை அளக்கும்போது ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் வழியைச் சொன்னது. கேள்வி புரிந்ததா என்று அது சொல்லாது. எல்லா வாக்கியமும் ஒரே திசையில் எழுதப்பட்டு, சிலர் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றும் சிலர் எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றும் சொல்லிக்கொண்டே போனால் ஆல்பா பிரமாதமாக ஏறும். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி ஐந்து தடவை கேட்டாலும் ஏறும். அந்த 30 பேர் பெரும்பாலும் மாணவரின் சொந்தத் துறைத் தோழர்கள். ஆய்வு நடக்கப் போவதோ கட்டட வேலைக்கு வரும் பெண்களிடம். ஆய்வேட்டில் "முன்னோட்டத்துக்குப் பின் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன" என்று ஒரு வரி இருக்கும். என்ன மாற்றம், ஏன் என்று தேடினால் கிடைக்காது. இந்தச் சடங்கைச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம் என்பது என் கருத்து. குறைந்தபட்சம் படிக்கிறவர் ஏமாற மாட்டார்.

களத்தில் பெரிய தடை வேறொன்று. கணக்கெடுக்கும் பெண்களுக்கு எந்தக் கேள்வி உடைகிறது என்று முதல் நாள் மத்தியானமே தெரிந்துவிடும். சொல்ல மாட்டார்கள். கேள்வி எழுதியவர் டாக்டர் பட்டம் வாங்கியவர், கார் வைத்து வந்தவர், கேள்வி சரியில்லை என்றால் "நீ சரியாகக் கேட்கவில்லை" என்பார். அதனால் திண்ணையில் தாங்களே மாற்றிக் கேட்டு, கட்டத்தை நிரப்பி, பேசாமல் வந்துவிடுவார்கள். நான் மாலைக் கூட்டத்தில் கேள்வி எழுதியவரை உட்காரவைத்துவிட்டு, "இந்தக் கேள்வியை நீங்க எப்படி மாத்திக் கேட்டீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். மாற்றவில்லை என்று யாரும் சொல்ல முடியாத கேள்வி அது. ஒவ்வொருத்தியும் தன் வாய்மொழியைச் சொல்லச் சொல்ல, நல்ல கேள்வி நடுவில் எங்கேயோ வந்து நிற்கும். கேள்வி எழுதியவர் அடுத்த நாள் ஒரு வீட்டுக்காவது தானே போய்க் கேட்க வேண்டும் என்பதும் என் நிபந்தனை. முனகிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து தாளில் பாதியை அடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

செலவு என்பார்கள். பொய் என்று சொல்லமாட்டேன், முன்னோட்டத்துக்குக் காசு ஆகும். ஆனால் திட்ட வரவுசெலவில் பயிற்சிக்கு ஒரு வரி இருக்கும், அச்சுக்கு இருக்கும், வெளியீட்டு விழாவுக்குக்கூட இருக்கும், முன்னோட்டத்துக்கு இருக்காது. அச்சடித்து முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அப்போது நாங்கள் கண்டுபிடிப்பது எதுவும் யாருக்கும் பிடிக்காது. இப்போதெல்லாம் அச்சான தாளோடு வருகிறவர்களின் வேலையை நான் எடுப்பதில்லை.

ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கடைசிக் கேள்வித்தாளை மட்டும் வைக்காதீர்கள். முன்னோட்டத்தில் தோற்றுப்போன கேள்விகளையும், எந்த மாதிரி ஊரில் யாரிடம் தோற்றன, அதற்குப் பிறகு எப்படி மாறின என்பதையும் சேர்த்து வையுங்கள். இரண்டு பக்கம் போதும். அடுத்து அதே விஷயத்தைக் கேட்கப் போகிறவர் உங்கள் முடிவுரையைப் படிக்காவிட்டாலும் அந்த இரண்டு பக்கத்தைப் படிப்பார்.